சித்தி வைத்த சிவப்புப் பொட்டு

என் சித்தியின் நெயில் பாலிஷை நான் முதன்முதலில் மதித்துப் பார்த்தது, வீட்டிலிருந்து இரண்டு கடல் தள்ளி, ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில். பழைய ஃபிலிம் கேமராக்களைத் தார்ப்பாயில் பரப்பி வைத்திருந்த ஒருவர், ஒன்றை எடுத்து லென்ஸுக்குப் பக்கத்தில் இருந்த குட்டி சுவிட்சைக் காட்டினார். அதன் ஓரத்தில் கடுகளவு சிவப்புப் பொட்டு. "இது இருந்தா கண்ணை மூடிட்டு வாங்கலாம். ஃப்ளாஷ் இணைப்பு சரிபார்த்த கேமரா" என்றார், எனக்குப் பாதி புரிந்த மொழியில். அது என் சித்தியின் நெயில் பாலிஷ் என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரரிடமும் சொல்லிச் சிரித்தார்.

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்தபோது தங்கியது சித்தி வீட்டில்தான். அடுத்து எங்கே போவது என்று எனக்கே தெரியாத நேரம். சித்தப்பா என்னை ஊர்சுத்தி என்றுதான் கூப்பிடுவார். "ஊர்சுத்தி, பெட்டியைப் பிரிச்சியா இல்ல அப்படியே வச்சிருக்கியா?" என்று தினமும் காலையில் ஒரு கேள்வி. பிரிக்கவில்லை. பகலெல்லாம் சித்தியின் வேலை அறையில் உட்கார்ந்திருப்பேன். இந்த அறையைப் பற்றியும் அதில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பற்றியும் யாராவது எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றியது. யாரும் எழுதவில்லை. அதனால் நான்.

சாவி வெட்டுகிற கடைக்கு மேலே, குறுகலான படியேறினால் அந்த அறை. ஒரு ஜன்னல், ஒரு நீள மேஜை, சுவர் முழுக்க ஆணி. ஆணிகளில் சுருள் சுருளாக ஒயர்கள். கேமராவையும் ஃப்ளாஷையும் இணைக்கும் ஒயர்கள்தான் சித்தியின் முதல் தொழில். அப்புறம் ஃப்ளாஷைக் கேமராவுக்குப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும் இரும்புக் கைகள், ஒரு கம்பெனி ஃப்ளாஷை இன்னொரு கம்பெனி கேமராவின் தலையில் உட்கார வைக்கும் அடாப்டர்கள், ஒரு ஃப்ளாஷ் மின்னியதைப் பார்த்தவுடன் இன்னொரு ஃப்ளாஷையும் மின்ன வைக்கும் மின்கண்கள். எல்லாம் சித்தி கையால் செய்தவை. ஃபிலிம் கேமரா பிடிக்கிற கூட்டம் இப்போது பெருத்துவிட்டதால் பார்சல் போகாத நாள் இல்லை. ஒருமுறை பழைய ஃப்ளாஷ் ஒன்றின் முனையைத் தெரியாமல் தொட்டுவிட்டு, சித்தப்பா நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். "கட்டடம் கட்டடமா கரண்டோட மல்லுக்கட்டறேன், ஒண்ணும் ஆகல. பொண்டாட்டி மேஜைதான் என்னை அடிச்சுது" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இந்தத் தொழில் சித்திக்கு வந்தது அவளுடைய கல்யாணத்தன்று. அப்போது அவள் காது கேட்கும் கருவி செய்யும் கம்பெனியில் பற்றவைப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு முடித்ததும் ஃபோட்டோகிராஃபர் இருவரையும் நிற்க வைத்தார். ஷட்டர் விழுந்தது, ஃப்ளாஷ் வரவில்லை. ஒயரை ஆட்டினார், வந்தது. மறுபடி அடித்தார், வரவில்லை. வெளியே அடுத்த ஜோடி காத்துக்கொண்டிருந்தது. கல்யாணப் பெண்ணே நேராகப் போய் அவர் கையிலிருந்து ஒயரை வாங்கி, முனையை வெளிச்சத்தில் பார்த்து, தலையிலிருந்த ஹேர்பின்னை உருவி ஓர் அழுத்து அழுத்தி, திரும்பச் செருகி, "இப்ப அடிங்க" என்றாளாம். அந்தப் படம் வீட்டில் மாட்டியிருக்கிறது. சித்தப்பா விறைப்பாக நிற்கிறார். சித்தியின் தலைமுடி ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்குகிறது. ஆனால் முகத்தில் நன்றாக வெளிச்சம் விழுந்திருக்கிறது. மறுவாரமே அந்த ஃபோட்டோகிராஃபர் ஒரு பை நிறைய ஒயர்களோடு வந்து நின்றார்.

இனி பொட்டுக்கு வருகிறேன்.

பழைய கேமராக்கள் பலவற்றில் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. ஒரு பக்கம் எம் என்றும் மறுபக்கம் எக்ஸ் என்றும் எழுதியிருக்கும். நான் வந்த புதிதில் இது என்ன என்று கேட்டேன். சித்தி வேலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"எக்ஸ்னா உங்க சித்தப்பாவைச் சாப்பிடக் கூப்பிடற மாதிரி. கூப்பிட்ட உடனே ஆஜர். இப்ப இருக்கற எலக்ட்ரானிக் ஃப்ளாஷ் எல்லாம் அந்த ஜாதி. ஷட்டர் திறந்ததும் கூப்பிட்டாப் போதும்."

"எம்?"

"அவரையே கடைக்குப் போகச் சொல்ற மாதிரி. முன்கூட்டியே சொல்லி வைக்கணும். அந்தக் காலத்துல ஒரு தடவை எரிஞ்சாத் தீர்ந்துபோற பல்பு இருந்துச்சு. உள்ள இருக்கற கம்பி பத்திக்கிட்டு முழு வெளிச்சம் வர்றதுக்குக் கொஞ்சம் நேரம் ஆகும். அதனால எம்ல வச்சா, முதல்ல பல்புக்குச் சொல்லிட்டு, ஒரு இமைக்கற நேரம் பொறுத்துத்தான் ஷட்டர் திறக்கும்."

"மாத்தி வச்சா?"

"நீ ஒரு வேளை, அவர் ஒரு வேளை. ரெண்டு பேரும் சந்திக்கவே மாட்டீங்க. ஃபிலிம்ல ஒண்ணுமே இருக்காது."

அப்படி ஒன்றுமே இல்லாத ஃபிலிமோடு பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு பையன் இந்தப் படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறான். அக்காவின் பட்டமளிப்பு விழாவை முழுக்கப் படம் எடுத்தவன். எலக்ட்ரானிக் ஃப்ளாஷ் ஒவ்வொரு முறையும் ஒழுங்காகத்தான் மின்னியிருக்கிறது. ஆனால் பையில் போட்டு எடுக்கும்போது சுவிட்ச் எம்முக்கு நகர்ந்திருந்தது. அன்றிலிருந்து சித்தி தன் மேஜைக்கு வரும் ஒவ்வொரு கேமராவிலும் சுவிட்சை எக்ஸில் தள்ளி, நகராமல் இருக்க ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்து ஒட்டிவிடுவாள். பல்போடு யாரும் அந்தப் படியேறி வந்ததில்லை. யாருக்கு எம் வேண்டும்? கேமராக்கள் கை மாறி, ஊர் மாறி, பொட்டோடு உலகம் சுற்றின. வாடிக்கையாளர்கள் சித்தியை ஃப்ளாஷ் அக்கா என்பார்கள்; ஃப்ளாஷ் அக்காவின் பொட்டு என்றால் ஒரு மதிப்பு.

நான் வந்து சில வாரங்கள் கழித்து ஒரு பெண் படியேறி வந்தாள். அகலத் தோள், ஈரத்தலை, கழுத்தில் விசில். கூரை போட்ட நீச்சல் குளம் ஒன்றில் டைவிங் கோச். பழைய கேமராவில் படம் எடுப்பது அவளுக்குப் பொழுதுபோக்கு. பையிலிருந்து, மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் வைத்த கேமரா ஒன்றை எடுத்து வைத்தாள். பக்கத்தில் தட்டு மாதிரி பளபளக்கும் ஒரு ஃப்ளாஷ். அப்புறம், ஒரு துண்டில் சுற்றிய எரிந்துபோன பல்புகள். கண்ணாடி வெந்து, பால் படிந்த மாதிரி வெளுத்திருந்தது.

"அக்கா, ஒரு சந்தேகம் கேக்கத்தான் வந்தேன். இந்த பல்பு எல்லாம் கெட்டுப்போயிருக்குமா?"

சித்தி ஒன்றை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். "எரிஞ்சிருக்கே."

"எரிஞ்சுது. கண்ணு கூசற அளவுக்கு எரிஞ்சுது. ஆனா படத்துல வாசல் விளக்கு மட்டும்தான் தெரியுது. பிள்ளைங்க ஒருத்தியும் இல்ல. ஃபிலிம் கழுவினவர், பழைய பல்பு, வெளிச்சத்துல சத்து இருக்காதுன்னுட்டார்."

அவளுடைய அணியில் ஆறு பெண்கள். ஆறு பேரும் மேல் பலகையிலிருந்து ஒரே நேரத்தில் குதிக்கும்போது, காற்றில் இருக்கும் அந்த நொடியை ஒரே படத்தில் பிடிக்க வேண்டும். அவ்வளவு பெரிய ஹாலுக்கு அவளிடமிருந்த எலக்ட்ரானிக் ஃப்ளாஷ் எட்டவில்லை. அதனால் எங்கெங்கோ தேடி ஒரு பெட்டி பல்பு வாங்கியிருக்கிறாள். இப்போது மூன்றுதான் மிச்சம். அந்த மாதிரி பல்பு இனிக் கிடைக்குமா என்பது சந்தேகம். அதைவிடப் பெரிய அவசரம், அணித் தலைவி வேறு ஊருக்குப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்த ஆறு பேர் ஆறு பேராக இருக்கப்போவதில்லை.

"ஷட்டர் எதுல வச்சீங்க?"

"நொடியில இருநூத்தம்பதுல ஒரு பங்குல. இல்லன்னா குதிக்கறவங்க கலங்கிப் போயிடுவாங்களே."

"சரியாத்தான் வச்சிருக்கீங்க" என்று கேமராவைத் திருப்பினாள் சித்தி. நான் எட்டிப் பார்த்தேன். சுவிட்ச் எக்ஸில் இருந்தது. ஓரத்தில் சிவப்புப் பொட்டு.

கோச் அதைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள். "அது கம்பெனி வச்ச குறி போல. இங்கதான் இருக்கணும்னு. நான் அதைத் தொடவே இல்லக்கா."

அவளுக்குத் தெரியாது. கேமராவை அவளுக்கு விற்றவருக்கும் தெரியாது. பல்பில் சத்து இல்லை என்று ஏற்கெனவே ஒருவர் தீர்ப்புச் சொல்லியும் ஆயிற்று. "ஆமாம்மா, பழசு" என்று சித்தி சொல்லியிருந்தால் கோச் நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போயிருப்பாள். நான் சித்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் யோசித்த மாதிரிகூடத் தெரியவில்லை.

"பல்பு நல்லாத்தான் இருக்கு. தப்பு என்னுது."

"என்னக்கா சொல்றீங்க?"

"அது கம்பெனி குறி இல்ல. நான் வச்சது. உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி இந்தக் கேமரா என்கிட்ட வந்திருக்கு." சித்தி எல்லாவற்றையும் சொன்னாள், பையன் அழுததிலிருந்து. "உங்க பல்பு முழுசா எரியறதுக்குள்ள ஷட்டர் மூடிக்கிச்சு. இது எம்ல இருந்திருக்கணும். நகரவிடாம ஒட்டி வச்சவ நான்."

கோச் துண்டில் கிடந்த பல்புகளைப் பார்த்தாள். கோபப்பட்டாளா என்று சொல்ல முடியவில்லை. "மொத்தப் பெட்டியும்க்கா" என்றாள்.

"தெரியுது."

"சரி பண்ண முடியுமா?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாங்க. முடியலன்னா முடியலன்னு சொல்லிடறேன். ஞாயித்துக்கிழமை நானும் குளத்துக்கு வர்றேன்."

அன்று சாப்பாட்டு மேஜையில் சித்தப்பாவுக்கு விஷயம் போனது. சித்தி கையோடு இன்னொன்றும் சொன்னாள். இணையத்தில் இருக்கும் தன் விற்பனைப் பக்கத்தில் எல்லாருக்கும் அறிவிப்புப் போடப் போகிறாள்.

"ஏம்மா, யாராவது கேட்டாங்களா உன்னை?" என்றார் சித்தப்பா. "இத்தனை வருஷத்துல ஒரே ஒருத்தி. அவளும் திட்டல. நீயா ஊரைக் கூட்டி, என் பொட்டை நம்பாதீங்கன்னு தண்டோரா போடணுமா?"

"பொட்டை நம்பித்தானே அந்தப் பொண்ணு சுவிட்சைத் தொடல."

"நம்பிக்கை போயிடும்னு சொல்றேன்."

"ஏங்க, லிஃப்ட்ல கோளாறு இருக்குன்னு தெரிஞ்சா பலகை மாட்டுவீங்களா, இல்ல யாராவது மாட்டிக்கட்டும்னு விடுவீங்களா?"

சித்தப்பா தட்டைப் பார்த்தார். "லிஃப்ட்ல உயிர் போகும். இதுல ஃபிலிம்தான் போகும்."

"அந்தப் பொண்ணு முகத்தை நீங்க பாக்கல."

அவர் என்னைப் பார்த்து, "ஊர்சுத்தி, நீயாவது சொல்லேன்" என்றார். சித்தி கேட்டால் எழுதித் தரலாம் என்று மட்டும் தோன்றியது. அவள் கேட்கவில்லை, தானே எழுதினாள். கேமராவைச் சரி செய்ய முடியுமா என்று தெரிவதற்கு முன்பே, அதே சாயங்காலம் போட்டுவிட்டாள். 'உங்கள் கேமராவில் சிவப்புப் பொட்டு இருந்தால் அது நான் வைத்தது. எலக்ட்ரானிக் ஃப்ளாஷுக்கு மட்டுமே சரி. பல்பு பயன்படுத்தினால் படம் வராது. பொட்டைக் கரைத்துவிட்டுக் கேமராவை எனக்கு அனுப்புங்கள். எம் வேலை செய்கிறதா என்று பார்த்துத் தருகிறேன். உங்களைக் கேட்காமல் ஒட்டியது என் தவறு.' அவ்வளவுதான். ஒரு சாக்குப்போக்கு கிடையாது. நான் இத்தனை ஊரில் இத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். தப்பை இவ்வளவு கொஞ்சமான வார்த்தையில் ஒப்புக்கொண்ட ஆள் வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் கேமராவைத் திறந்தாள். பொட்டைக் கரைத்துச் சுவிட்சை எம்முக்குத் தள்ளினால் அது அசைந்தது, ஆனால் எந்த மாற்றமும் இல்லை. பல்புக்காகக் காத்திருக்க வைக்கும் குட்டிப் பல்சக்கரங்கள் வருஷக்கணக்கில் ஓடாமல், எண்ணெய் இறுகிப் பிசினாகிக் கிடந்தன. அதற்கும் பொட்டுதான் காரணம். ஓடவிட்டிருந்தால் இறுகியிருக்காது. சித்தி அதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். சக்கரங்களைக் கழற்றிக் கழுவி, ஊசிமுனையில் எண்ணெய் தொட்டு, திரும்பப் பூட்டினாள்.

சரியாயிற்றா என்று எப்படிப் பார்ப்பது? ஒரு பல்பை எரித்துப் பார்க்கலாம். ஆனால் இருப்பதே மூன்று. சித்தி பழைய கால்குலேட்டர் ஒன்றிலிருந்து, வெளிச்சம் பட்டால் மின்சாரம் தரும் வெயில்பட்டையைப் பிடுங்கி, லேப்டாப்பின் மைக் துளையோடு இணைத்தாள். கேமராவின் ஃப்ளாஷ் ஒயரையும் அதோடு சேர்த்தாள். லென்ஸுக்கு முன்னால் மேஜை விளக்கு, பின்னால் வெயில்பட்டை. ஷட்டரை அழுத்தினால் திரையில் இரண்டு மேடு எழும்ப வேண்டும். முதல் மேடு, பல்புக்குச் சொன்ன நேரம். இரண்டாவது, ஷட்டர் திறந்த நேரம். இடையில் இருக்கும் இடைவெளி நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தால் சரி.

முதலில் இரண்டு மேடும் ஒட்டிக்கொண்டு வந்தன. மறுபடி கழற்றினாள். அப்புறம் இடைவெளி வந்தது, ஆனால் ஒரு முறை வந்த மாதிரி இன்னொரு முறை வரவில்லை. மறுபடி கழற்றினாள். "சித்தி, சாப்பிட்டுட்டுப் பாரேன்" என்றேன். "நீ சாப்பிடு, நான் எம்ல இருக்கேன்" என்றாள். வெள்ளிக்கிழமை மதியம், அடுத்தடுத்து எத்தனை முறை அழுத்தினாலும் ஒரே இடைவெளி. பல்புகளின் அடியில் பச்சை படிந்திருந்த முனைகளை நகம் தேய்க்கும் அரத்தால் மெல்லத் தேய்த்துப் பளபளப்பாக்கினாள். கோச் டேப் சுற்றிக் கட்டியிருந்த பேட்டரிகளைப் பிரித்து, ஒழுங்கான கூடு ஒன்று செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை குளத்துக்குப் போனோம். சித்தப்பாவும் வந்தார், வேலை எதுவும் இல்லாததால்தான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு. உள்ளே குளோரின் வாடை, ஈரத் தரை, பேசினால் எதிரொலிக்கும் கூரை. மேல் பலகையில் ஆறு பெண்கள் கை உதறிக்கொண்டிருந்தார்கள். தலைவி நடுவில்.

சித்தி முதலிலேயே ஒரு நிபந்தனை போட்டாள். "ஒரு பல்பு அடிப்போம். இங்கயே கழுவிப் பாப்போம். அப்புறம்தான் ரெண்டாவது."

கோச் விசில் ஊதினாள். ஆறு பேரும் குதித்தார்கள். பல்பு வெடித்த வெளிச்சத்தில் குளத்தின் அடித்தரை ஒரு கணம் தெரிந்து மறைந்தது. கை நுழைக்கத் துளை வைத்த கறுப்புப் பைக்குள் கேமராவை விட்டு, சித்தி பார்க்காமலே ஃபிலிமை எடுத்துச் சின்ன டப்பாவுக்குள் சுற்றினாள். உடைமாற்றும் அறையின் தொட்டி ஓரத்தில் மருந்து ஊற்றி, டப்பாவைக் கவிழ்த்துக் கவிழ்த்து ஆட்டினாள். பெண்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு சுற்றி நின்றார்கள்.

"ஆன்ட்டி, இது வரலன்னா நான் ஊருக்குப் போகல" என்றாள் தலைவி.

"அந்தப் பழியையும் என் தலையில போடாதே. உங்கம்மா என்னைத் தேடி வருவாங்க" என்றாள் சித்தி. அவள் கை மட்டும் நிற்கவில்லை. கதவோரம் நின்ற சித்தப்பா தன் கைக்குட்டையை இரண்டு முறை மடித்துப் பிரித்தார்.

ஃபிலிமை உருவி விளக்குக்கு நேரே தூக்கினாள். ஆறு பேரும் இருந்தார்கள். நெகட்டிவில் கறுப்பாக, ஆனால் மெலிசாக, பென்சிலால் லேசாகக் கீறின மாதிரி. கோச் உற்றுப் பார்த்துவிட்டு மூச்சு விட்டாள். "இருக்காங்க."

"இருக்காங்க. ஆனா ஒல்லியா இருக்காங்க" என்றாள் சித்தி. "நேரம் சரியா சந்திச்சிருக்கு. ஹால் பெரிசு, வெளிச்சத்தைத் திருப்பித் தர பக்கத்துல சுவர் இல்ல. லென்ஸை ஒரு படி திறந்து வைங்க."

"இதுவே போதும்க்கா. இதுலயே படம் போட்டுக்கலாம்."

"போதும்னு நீங்க சொல்லலாம், நான் சொல்லக் கூடாது. ரெண்டாவதைப் போடுங்க."

சித்தி கேமராவில் புது ஃபிலிம் மாட்டினாள். பெண்கள் மறுபடி ஏறினார்கள். மறுபடி விசில். கழுவி எடுத்த இரண்டாவது நெகட்டிவை சித்தி தூக்கிப் பார்க்கும்போது நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். ஆறு உடல்கள், ஒவ்வொன்றும் அடர்த்தியாக, விளிம்பு கத்தி மாதிரி. தலைவி மற்றவர்களைவிட ஒரு கை உயரத்தில், வாய் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். பின்சுவரின் ஓடுகள்கூட ஒன்று ஒன்றாகத் தெரிந்தன. சித்தி ஈர ஃபிலிமைக் கோச்சிடம் நீட்டினாள். கோச் விரலால் காற்றில் தொட்டுத் தொட்டு ஆறு வரை எண்ணிவிட்டுச் சித்தியைக் கட்டிக்கொண்டாள். சித்தியின் சட்டை முழுக்க ஈரம்.

"மூணாவது பல்பு உங்களுக்கு" என்றாள் கோச். "மேல ஏறிக் குதிங்க, நான் எடுக்கறேன்."

"எனக்கு நீச்சல் தெரியாது."

"அவளுக்குத் தண்டோரா போடத்தான் தெரியும்" என்றார் சித்தப்பா. அப்புறம், யாரும் கேட்காமலே, பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "என் மனைவி" என்றார்.

சித்தி மூன்றாவது பல்பைப் பஞ்சில் சுற்றிக் கோச்சின் பையில் வைத்தாள். கேமராவையும் அவள் கையில் கொடுத்தாள். சுவிட்ச் எம்மில் இருந்தது. அதன்மேல் எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

"இதை வச்சுக்கோங்க. இன்னொரு பொண்ணு ஊருக்குப் போறப்ப ஆகும். ஆனா அடிக்கறதுக்கு முன்னாடி சுவிட்ச் எங்க இருக்குன்னு நீங்களே பாருங்க. யார் சொன்னாலும் நம்பாதீங்க. நான் சொன்னாலும்."

கோச் சரி என்று தலையாட்டிவிட்டு, அங்கேயே, அப்போதே, கேமராவைத் திருப்பி சுவிட்சை ஒருமுறை பார்த்தாள்.